எஸ்-நாப்ராக்சன் அச்சுப் பாலிமர்: தூள், கார்ட்ரிஜ், குழாய் — எதை வாங்கலாம், எதை விடலாம்

ஒரு மூலக்கூறின் வடிவில் குழிகள் உள்ள மூலக்கூறு அச்சுப் பாலிமரை லேபில் எம்ஐபி என்பார்கள். ஆர்டரின்பேரில் செய்து தருபவர்கள் அதை மூன்று வடிவில் தருகிறார்கள்: சலித்த தூள், மாதிரியைச் சுத்தம் செய்யும் எஸ்பிஇ கார்ட்ரிஜ், கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவியில் பூட்டும், தூள் அடைத்த எஃகுக் குழாய். மூன்றிலும் இருப்பது ஒரே பாலிமர்தான். ஆனால் ராணிப்பேட்டை சிப்காட்டில் மருந்துத் தரம் பார்ப்பவருக்கும், காட்பாடியில் பிஎச்டி செய்யும் மாணவருக்கும், வேலூர் ஆஸ்பத்திரியில் ரத்தத்தில் மருந்தளவு பார்ப்பவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. இங்கே எடுத்துக்கொண்டது எஸ்-நாப்ராக்சனுக்கு அச்செடுத்த பாலிமர். மூட்டுவலிக்குக் கொடுக்கும் இந்த மருந்துக்கு இடது கை, வலது கை போல எஸ், ஆர் என்று இரண்டு கண்ணாடிப் பிம்ப வடிவங்கள் உண்டு; எஸ் வடிவில் மட்டுமே விற்பனைக்கு வருகிறது. ஆர் வடிவம் அதில் மாசு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 1992-இல் இப்படி இரட்டை வடிவமுள்ள கைரல் மருந்துகளுக்கான கொள்கை அறிக்கையை வெளியிட்ட பிறகு, இரண்டு வடிவங்களையும் பிரித்து அளந்து காட்டும் வேலை இந்த மருந்துகளைச் செய்வோருக்குத் தவிர்க்க முடியாததாகிவிட்டது.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். தூளை வாங்கலாம். கார்ட்ரிஜை வேலை பார்த்து வாங்க வேண்டும். அடைத்த குழாய், தினசரி மாசு அளவீட்டுக்கு என்றால் வேண்டாம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு நிபந்தனை உண்டு: எஸ்ஸும் ஆரும் சம அளவுள்ள ரெசிமிக் கலவையை ஓட்டிய வரைபடம் இல்லாமல் எதையும் வாங்கக் கூடாது. காரணம் கீழே.

ஆம்பூர் ஷூ கம்பெனியில் லாஸ்ட் என்ற கால் வடிவ அச்சு இடது காலுக்கு ஒன்று, வலது காலுக்கு ஒன்று. இடது லாஸ்டில் இழுத்த தோல் வலது காலுக்கு ஏறாது. இங்கே லாஸ்டாக இருப்பது எஸ்-நாப்ராக்சன் மூலக்கூறு. அதன் கார்பாக்சிலிக் அமிலத்தைப் பிடிக்க 4-வினைல்பிரிடின் என்ற காரத்தன்மையுள்ள மோனோமரை (பாலிமர்ச் சங்கிலியின் கண்ணியை)ச் சேர்க்கிறார்கள். சுற்றிலும் எத்திலீன் கிளைக்கால் டைமெத்தக்ரிலேட்டை, அதாவது ஈஜிடிஎம்ஏவைக் கட்டி இறுக வைக்கிறார்கள். பிறகு நாப்ராக்சனைக் கழுவி எடுத்தால் அதன் வடிவில் குழி மிஞ்சும். 1972-இல் ஜெர்மனியில் குந்தர் வுல்ஃப் இந்த அச்செடுக்கும் உத்தியைச் சகப்பிணைப்பு வழியாகச் செய்தார். ஸ்வீடனின் லுண்ட் நகரில் கிளவுஸ் மோஸ்பாக் குழு ஹைட்ரஜன் பிணைப்பு போன்ற வலுக்குறைந்த பிணைப்புகளே போதும் என்று காட்டியது. 1994-இல் அதே லுண்ட் குழு 4-வினைல்பிரிடினைக் கொண்டு நாப்ராக்சனைப் பிரித்தது. இன்று ஆர்டரின்பேரில் கிடைப்பதும் பெரும்பாலும் அந்தச் செய்முறையின் வாரிசுதான்.

விற்பனையாளரின் சான்றிதழில் பெரிய எழுத்தில் இருப்பது அச்சுக் காரணி. எம்ஐபி எவ்வளவு நேரம் மருந்தைப் பிடித்து வைக்கிறது, அச்சு இல்லாமல் செய்த இரட்டையான என்ஐபி எவ்வளவு நேரம் பிடித்து வைக்கிறது என்ற விகிதம் அது. ஐந்து, ஆறு என்று போட்டிருந்தால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். கைரல் வேலைக்கு அந்த எண் எதையும் நிரூபிக்காது. டெம்ப்ளேட், அதாவது லாஸ்டாக வைக்கும் மூலக்கூறு, இல்லாமல் செய்த பாலிமரின் துளைகளும் மேற்பரப்பும் இயல்பாகவே வேறுமாதிரி அமையும். மேற்பரப்பு அதிகமுள்ள தூள், குழி என்று ஒன்று இல்லாவிட்டாலும் அதிகம் பிடிக்கும். அச்சுக் காரணியில் இந்த இரண்டும் கலந்து கிடக்கின்றன.

ரெசிமிக் கலவை இந்தக் குழப்பத்தை ஒரே ஊசியில் தீர்த்துவிடும். எஸ்ஸும் ஆரும் எடையில், கரைதிறனில், அமிலத்தன்மையில் ஒன்றே. மேற்பரப்பு எவ்வளவு பெரிதானாலும் இரண்டையும் சமமாகத்தான் பிடிக்கும். எனவே இரண்டும் பிரிந்து வந்தால், குழிக்கு வடிவம் இருக்கிறது என்று பொருள். என்ஐபியில் ஓட்டும்போது பிரிப்புக் காரணி, அதாவது இரண்டு வடிவங்களும் பிடிபடும் அளவுகளின் விகிதம், சரியாக 1.00 வர வேண்டும். எஸ் அச்சில் ஓட்டும்போது ஆர் முந்தியும் எஸ் பிந்தியும் வர வேண்டும். ஆர் வடிவத்தை வைத்து அச்செடுத்த பாலிமரில் இந்த வரிசை தலைகீழாக வர வேண்டும். இந்த மூன்று வரைபடங்களும் இருந்தால், குழிக்கு வடிவம் உண்டு என்பதற்கு வேறு சான்றிதழே தேவையில்லை. இவற்றில் முதல் இரண்டு வரைபடங்கள்கூட இல்லாத சரக்கைத் திருப்பி அனுப்புவதில் தவறில்லை.

குழாய்

சாதாரணமாகத் தருவது 250 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம். காலியாக 4.15 மி.லி. கொள்ளும் அந்தக் குழாயில் ஏறத்தாழ 2 கிராம் தூள் அடைபடும். தூள் 25 முதல் 38 மைக்ரான் வரை, உடைத்து அரைத்த ஒழுங்கற்ற துண்டுகள்.

இதன் உண்மையான பலம், எந்த வடிவம் முன்னால் வரும் என்பதை ஆர்டர் செய்யும்போதே முடிவு செய்ய முடிவது. மாசை அளக்கும் வேலையில் மாசின் சின்ன உச்சி (வரைபடத்தில் எழும் மேடு) மருந்தின் பெரிய உச்சிக்கு முன்னால் வர வேண்டும். பின்னால் வந்தால் பெரிய உச்சியின் வாலில் மூழ்கிவிடும். எஸ் அச்சு வாங்கினால் ஆர் தானாகவே முன்னால் வரும். கூடவே இன்னொரு நன்மையும் இருக்கிறது. கழுவியும் போகாமல் தங்கிய டெம்ப்ளேட் கசிந்தாலும் கசிவது எஸ்தான். அளக்க வேண்டிய ஆரை அது தொடாது. பாலிசாக்கரைடு பூசிய கைரல் குழாய்களில் எது முந்தும் என்பதை ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

இருந்தும் குழாய் வேண்டாம் என்பதற்குக் காரணம் உச்சியின் அகலம். குழிகள் எல்லாம் ஒரே தரமாக அமைவதில்லை. இறுகப் பிடிப்பவை கொஞ்சம், தளர்வாகப் பிடிப்பவை நிறைய. அதனால் எஸ் உச்சி நீளமாக வாலிழுக்கும். உச்சி எவ்வளவு ஒல்லி என்பதைக் காட்டும் தட்டு எண்ணிக்கை 300 வந்தாலே நல்ல குழாய் என்று சொல்லும் நிலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும்: பிரிப்புக் காரணி 1.6, தக்கவைப்புக் காரணி (எவ்வளவு பிடித்து வைக்கிறது என்பது) 3, தட்டு 300 என்றால் பிரிதிறன் (இரண்டு உச்சிகளும் விலகி நிற்கும் அளவு) 1.2 தான். அடிக்கோடு வரை பிரிய 1.5 வேண்டும். மறுபக்கம் 5 மைக்ரான் உருண்டைத் துகள் அடைத்த வழக்கமான கைரல் குழாயில் தட்டு 10,000 இருந்தால், பிரிப்புக் காரணி வெறும் 1.15 ஆனாலும் பிரிதிறன் 2.4 வந்துவிடும். நாப்ராக்சனுக்கு இன்னும் கடினமான போட்டி ஒன்று உண்டு: வெல்க்-ஓ 1 என்ற கைரல் குழாய். வில்லியம் பிர்க்கிள் அதை நாப்ராக்சனைப் பிரிப்பதற்காகவே வடிவமைத்தார். தினமும் ஆர் மாசு பார்க்கிற லேப் காசை அதில் போடுவதே சரி.

ஏற்கெனவே எம்ஐபி குழாய் வாங்கிவிட்டவர்கள் அதிலிருந்து வேலை வாங்குவதற்குச் சில குறிப்புகள். டெட்ராஹைட்ரோஃபியூரானும் ஹெப்டேனும் சம அளவு, அதில் 0.2 சதவீதம் அசிட்டிக் அமிலம் என்று ஆரம்பிக்கலாம். அமிலத்தைக் கூட்டினால் வால் குறையும், பிரிவும் குறையும். ஓட்டம் நிமிடத்துக்கு 0.5 மி.லி. மாதிரியை அதே கரைப்பானில் ஒரு மி.லி.க்கு 1 மி.கி. கரைத்து 10 மைக்ரோலிட்டர் போட வேண்டும், அதாவது 10 மைக்ரோகிராம். சிக்னல் போதவில்லை என்று 100 மைக்ரோகிராம் போட்டால் இறுகப் பிடிக்கும் குழிகள் நிரம்பிவிடும், எஸ் முன்னால் ஓடிவந்து ஆர் மேல் ஏறும். குழாய் கெட்டுப்போனதாகப் பலர் நினைப்பது இந்தச் சுமை அதிகமானதைத்தான். சுமையைக் குறைத்தால் பழைய நேரத்துக்குத் திரும்பிவிடும்.

பீக் (PEEK) என்ற பிளாஸ்டிக் டியூபிங் இருந்தால் கழற்றி எஃகு டியூபிங் போடுங்கள். டெட்ராஹைட்ரோஃபியூரானில் பீக் ஊறிப்போகும். முந்தைய வேலை பஃபரில் நடந்திருந்தால் முதலில் தண்ணீர், பிறகு ஐசோபுரொப்பனால், அதற்குப் பிறகே ஹெப்டேன் கலவை. இடையில் ஐசோபுரொப்பனாலை விட்டுவிட்டால் பம்பிலும் டிடெக்டரிலும் இரண்டு அடுக்காகப் பிரிந்து நிற்கும். அலைநீளத்திலும் கவனம் வேண்டும். நிலைப்படுத்தியாக பிஎச்டி (BHT) கலந்த டெட்ராஹைட்ரோஃபியூரான் 280 நானோமீட்டர் வாக்கில் உறிஞ்சும் என்பதால் நாப்ராக்சனை 331-இல் பார்ப்பது பாதுகாப்பு. அங்கே சிக்னல் சின்னது. 262-இல் பெரிய சிக்னல் வேண்டுமென்றால் பிஎச்டி சேர்க்காத பாட்டில் வாங்க வேண்டும். அது பெராக்சைடு கட்டும், எனவே திறந்த தேதியை எழுதி வைத்து, பெராக்சைடு பட்டையால் சோதித்துவிட்டுப் பயன்படுத்த வேண்டும். அதை வற்றும்வரை ஒருபோதும் ஆவியாக்கக் கூடாது.

வேலூர் வெயில் இந்தக் குழாய்க்குத் தனிச் சிக்கல். பிடிப்பு முழுக்க ஹைட்ரஜன் பிணைப்பை நம்பி இருப்பதால் வெப்பநிலை கொஞ்சம் மாறினாலும் நேரம் நகரும். முறையில் 25 அல்லது 30 டிகிரி என்று எழுதியிருக்கும். குளிரூட்டும் வசதியில்லாத குழாய் ஓவன் அறையைவிடக் குறைந்த வெப்பநிலைக்கு இறங்க முடியாது. அக்னி நட்சத்திரத்தில் ஏசி நின்று அறை 36-ஐத் தொட்டால் திரையில் 30 என்று இருந்தாலும் குழாய் 36-இல்தான் ஓடும். 40 டிகிரியில் முறையை நிலைநிறுத்திக்கொள்வது வருஷம் முழுக்க ஒரே விடை தரும். சூடு கூடுவதால் வாலும் சற்றுக் குட்டையாகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வேறு தொல்லை: திறந்து கிடக்கும் கரைப்பான் பாட்டில் ஈரம் இழுக்கும், அந்தத் தண்ணீர் குழிக்குள் போய் உட்கார்ந்து பிடிப்பைக் குறைக்கும். பாட்டில் மூடியில் சிலிக்கா ஜெல் அடைத்த காற்றுக்குழல் ஒன்று போதும்.

தூள்

காசுக்கு மதிப்பு இதில்தான். தூளை வாங்கினால் சிறிய குழாயில் அடைக்கலாம், கார்ட்ரிஜில் போடலாம், குடுவையில் குலுக்கிப் பிடிப்பு அளக்கலாம். கிராம் கணக்கில் ரெசிமிக் கலவையிலிருந்து ஒரு வடிவத்தைச் செறிவாக்கும் வேலைக்கும் இதுவே ஏற்றது. அங்கே அடிக்கோடு வரை பிரிய வேண்டிய அவசியமில்லை.

விலை நியாயமா என்பதைச் செய்முறையைத் தெரிந்துகொண்டால் கணிக்கலாம். டெம்ப்ளேட், மோனோமர், ஈஜிடிஎம்ஏ 1:4:20 என்ற மோல் விகிதத்தில் எஸ்-நாப்ராக்சன் 230 மி.கி., 4-வினைல்பிரிடின் 420 மி.கி., ஈஜிடிஎம்ஏ 3.96 கிராம், வினையைத் தொடங்கிவைக்கும் ஏஐபிஎன் 72 மி.கி., கரைப்பான் 5.6 மி.லி. கைக்கு வருவது 4.4 கிராம் கட்டி. அதை உடைத்து, அரைத்து, சலித்து, அசிட்டோனில் கலக்கிப் படியவிட்டு நுண்தூளை வடித்தால் உருப்படியாக மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. ஒரு குழாய்க்கே காணும் காணாது. மூலப்பொருள் மலிவு, விலை ஏறுவது இந்த அரைப்பிலும் கழுவிலும்தான். நுண்தூளைச் சரியாக வடிக்காத சரக்கைக் குழாயில் அடைத்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். இந்தப் பருமனுள்ள தூளுக்கு 50 பாருக்குள் நிற்க வேண்டும். அதைத் தாண்டினால் வடிகட்டித் தட்டு அடைபடுகிறது என்று அர்த்தம்.

நீங்களே செய்வதானால் எங்கே கெடும் என்று பார்ப்போம். ஈஜிடிஎம்ஏவில் எம்இஎச்கியூ என்ற தடுப்பான் இருக்கும். 10 சதவீத சோடியம் ஹைட்ராக்சைடில் கழுவி, உப்பு நீரில் கழுவி, உலர்த்தி எடுக்க வேண்டும். விட்டால் கட்டியாவது தள்ளிப்போய், பாட்டிலுக்குப் பாட்டில் பாலிமர் மாறும். குளோரோஃபார்மைக் கரைப்பானாக எடுத்தால் அதில் நிலைப்படுத்தியாகச் சேர்த்த எத்தனாலை அலுமினா வழியே விட்டு நீக்க வேண்டும். ஒரு சதவீத எத்தனால்கூட நாப்ராக்சனுக்கும் பிரிடினுக்கும் நடுவே புகுந்து பிணைப்பைக் கெடுக்கும். கரைசலில் நைட்ரஜனை 10 நிமிடம் குமிழவிட்டு ஆக்சிஜனை விரட்ட வேண்டும். ஐஸில் வைத்துக் குமிழவிட்டால் கரைப்பான் பறக்காது. நம் ஊர் வெயிலில் இதைத் தவிர்க்க முடியாது. பிறகு 60 டிகிரியில் 24 மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் ஜெல் நிலையில் பாதி ஆறிப்போகும், துளை அமைப்பு கலையும், அந்தக் கட்டியை நம்ப முடியாது. தண்ணீர்த் தொட்டியின் ஹீட்டருக்கு இன்வெர்டர் இல்லாமல் தொடங்க வேண்டாம். ஏஐபிஎன் பாட்டில் ஃப்ரிட்ஜில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து மே மாத வெயிலில் சாதாரண பார்சலில் வந்த பாட்டிலை நம்பாமல் மெத்தனாலில் மறுபடிகமாக்கிக்கொள்ளுங்கள்.

கழுவும் கட்டம்தான் பலரும் கோட்டை விடும் இடம். ‘மெத்தனால்–அசிட்டிக் அமிலம் 9:1, சாக்ஸ்லெட்டில் 24 மணி நேரம்’ என்று எங்கும் எழுதியிருக்கும். கரைப்பானைக் கொதிக்கவைத்துக் கழுவும் சாக்ஸ்லெட் கருவியில் மேலே ஏறி வருவது ஆவி. மெத்தனால் 65 டிகிரியில் கொதிக்கும், அசிட்டிக் அமிலம் 118-இல். தூள் இருக்கும் திம்பிளில் விழுவது ஏறக்குறைய வெறும் மெத்தனால். அமிலம் கீழே குடுவையிலேயே தங்கி, மெத்தனாலோடு சேர்ந்து மெத்தில் அசிட்டேட்டாக மாறிக்கொண்டிருக்கும். பிரிடின் பிடியை உடைக்க வேண்டிய அமிலம் பாலிமரைத் தொடவே இல்லை. சரியான வழி: முதலில் தூளைக் கண்ணாடிக் குழாயில் போட்டு 9:1 கலவையை மேலிருந்து மெதுவாக ஒழுகவிட வேண்டும். வெளியே வரும் திரவத்தை 331-இல் அளந்து, நாப்ராக்சன் தெரியாமல் போன பிறகு சாக்ஸ்லெட்டில் வெறும் மெத்தனாலால் அமிலத்தை எடுக்க வேண்டும்.

வெளியே வந்த நாப்ராக்சனைக் கூட்டிப் பார்ப்பது அவசியம். போட்டது 230 மி.கி., வந்தது 95 சதவீதம் என்றால் நல்லதாகத்தான் தோன்றும். உள்ளே மிஞ்சியது 11.5 மி.கி., கிராமுக்கு 2.6 மி.கி. நீங்கள் ஊசியில் போடுவது 10 மைக்ரோகிராம். விற்பனையாளரிடம் இந்தக் கழுவல் கணக்கைக் கேளுங்கள். தர மறுத்தால் கணக்கே எடுக்கவில்லை என்று கொள்ளலாம்.

கார்ட்ரிஜ்

கடைகளில் தயாராகக் கிடைக்கும் எம்ஐபி கார்ட்ரிஜ்கள் பெரும்பாலும் ஒரு மருந்தையோ மருந்து வகையையோ மற்ற அழுக்கிலிருந்து பிரிக்கத்தான். எஸ்ஸையும் ஆரையும் பிரிக்க அல்ல. ஆர்டர் கொடுத்துச் செய்த கைரல் கார்ட்ரிஜும் முழுதாகப் பிரிக்காது, ஒரு வடிவத்தைச் செறிவாக்கும். ஒரே தடவை பிடித்து விடும் வேலையில் அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது.

ரத்தத்தில் நாப்ராக்சன் பார்க்க இது தேவையே இல்லை. 500 மி.கி. மாத்திரை போட்டவரின் பிளாஸ்மாவில் ஒரு மி.லி.க்குப் பத்துக் கணக்கில் மைக்ரோகிராம் இருக்கும். அசிட்டோநைட்ரைலால் புரதத்தை வீழ்த்திவிட்டு நேராக ஓட்டலாம். 50 மி.கி. தூள் உள்ள கார்ட்ரிஜின் நல்ல குழிகளை அந்த அளவு நிரப்பியும் வழியும்.

பயன்படுவது பாலாற்று நீரிலோ கழிவுநீரிலோ நானோகிராம் கணக்கில் தேடும்போது. நீரை வடிகட்டி, பிஎச் 3-க்குக் கொண்டுவந்து, மெத்தனால் 1 மி.லி., நீர் 1 மி.லி. விட்டுத் தயார்செய்த கார்ட்ரிஜில் மெதுவாக ஏற்ற வேண்டும். ஏற்றும்போது நாப்ராக்சனைப் பிடிப்பது குழியல்ல, பாலிமரின் எண்ணெய்த்தன்மை. மற்ற அழுக்கும் கூடவே ஒட்டும். தேர்ந்தெடுக்கும் திறன் வருவது அடுத்த கழுவலில். வெற்றிடத்தில் 10 நிமிடம் நன்றாக உலர்த்தி, அசிட்டோநைட்ரைல் அரை மி.லி. இரண்டு தடவை. அப்போதுதான் ஒட்டியவை போய், குழிக்குள் இருப்பது மட்டும் நிற்கும். ஈரம் மிச்சமிருந்தால் நாப்ராக்சனும் சேர்ந்து போய்விடும்; மீட்பு ஒரு நாள் 90, மறுநாள் 40 என்று ஆடினால் உலர்த்தலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கடைசியாக மெத்தனால்–அசிட்டிக் அமிலம் 9:1, ஒரு மி.லி. இரண்டு தடவை விட்டு எடுக்கலாம். வேகம் நிமிடத்துக்கு அரை மி.லி.யைத் தாண்டக் கூடாது.

இங்கே கசிவு கொல்லும். மேலே சொன்ன 2.6 மி.கி. கணக்குப்படி 50 மி.கி. கார்ட்ரிஜில் 130 மைக்ரோகிராம் எஸ்-நாப்ராக்சன் ஒளிந்திருக்கிறது. அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்தாலே 130 நானோகிராம். லிட்டருக்கு 100 நானோகிராம் உள்ள நீரை ஒரு லிட்டர் ஏற்றியிருந்தால், மாதிரியைவிடக் கார்ட்ரிஜ் அதிகம் தந்திருக்கும். எஸ்–ஆர் விகிதம் பார்க்க வந்தவருக்கு எஸ் பக்கமே எப்போதும் சாயும். எனவே நீர் வேலைக்கு நாப்ராக்சனால் அச்செடுத்ததை வாங்காமல், அதைப் போலவே இருந்தும் மாதிரியில் இல்லாத வேறொரு அமிலத்தால் அச்செடுத்ததைக் கேளுங்கள். அதன் கசிவு வேறு நேரத்தில் உச்சியாக வந்துவிடும், அளவைக் கெடுக்காது. விகிதத்தைப் பிரிப்பது பின்னால் வரும் கைரல் குழாயின் வேலை. எந்தக் கார்ட்ரிஜ் ஆனாலும் ஒவ்வொரு லாட்டிலும் வெறும் நீரை ஏற்றி ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்த பிறகே மாதிரியைத் தொட வேண்டும்.

மாணவர்களுக்கு

நாப்ராக்சனில் ஒரு சங்கடம் உண்டு: எஸ் மலிவு, ஆரும் ரெசிமிக் கலவையும் ரெஃபரன்ஸ் ஸ்டாண்டர்டு விலை. சோதிக்கவே காசு கரையும். கற்றுக்கொள்ளும் நோக்கம் என்றால் தனி வடிவமும் ரெசிமிக்கும் இரண்டுமே மருந்தாக விற்கும் ஜோடியை எடுப்பது புத்திசாலித்தனம். லெவோஃப்ளாக்சசினும் ஆஃப்லாக்சசினும், லெவோசிட்ரிசினும் சிட்ரிசினும், எஸ்-ஆம்லோடிபினும் ஆம்லோடிபினும், எஸ்சிட்டலோப்ராமும் சிட்டலோப்ராமும் அப்படிப்பட்டவை. தனி வடிவத்தால் அச்செடுத்து, ரெசிமிக்கை ஓட்டிப் பார்க்கலாம். ஆர் ஸ்டாண்டர்டு இல்லாமலே தீர்ப்பு கிடைத்துவிடும். மாத்திரையை அரைத்து எடுக்க வேண்டாம், அதிலுள்ள ஸ்டியரேட்டும் பாலிமரும் கரைசலில் சேரும். மூலமருந்தாகவே வாங்குங்கள். லெவோஃப்ளாக்சசினுக்கு மோனோமர் மெத்தக்ரிலிக் அமிலம், கரைப்பான் குளோரோஃபார்ம். இந்த ஃப்ளூரோகுவினலோன் வகை மருந்து ஒளியில் சிதையும் என்பதால் 365 நானோமீட்டர் விளக்கில் வைத்துப் பாலிமராக்கக் கூடாது. வெப்பத்தில்தான் செய்ய வேண்டும், குழாயைச் சுற்றி அலுமினியத் தாளும் வேண்டும்.